நாக்கில் படாத நாற்பது நாள்

விபூதிப் புதனன்று காலை வேலையிடத்துக் கதவைத் திறந்ததும் நான் முதலில் செய்வது, சுவை பார்க்கும் கண்ணாடிக் குவளைகளைக் கழுவுவது. கோயிலில் இருந்து நேரே வந்திருப்பேன். நெற்றியில் சாம்பல் சிலுவை அழியாமல் இருக்கும். குவளைகளை வெந்நீரில் கழுவித் துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணியை விரிப்பேன். உயிர்த்த ஞாயிறு வரை, தபசு காலத்தின் நாற்பது நாளும், அந்தத் துணியை எடுப்பதில்லை. ஒரே ஒரு குவளை மட்டும் வெளியில் இருக்கும். அது மணந்து பார்ப்பதற்கு.

என் தொழில் வைன் செய்வது. தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில், ட்ராம் பாதையை ஒட்டிய தொழிற்பேட்டையில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் கார்களுக்குக் கண்ணாடி மாற்றுகிறார்கள், மறுபக்கத்தில் சமையலறை மேடைகளுக்குக் கல் வெட்டுகிறார்கள். நடுவில் நான், என் எஃகுத் தொட்டிகள், சுவரோரமாகப் படுத்திருக்கும் பழைய ஓக் பீப்பாய்கள். கென்ட் மாவட்டத்தில் இருக்கும் ஒரு தோட்டக்காரரிடம் இலையுதிர் காலத்தில் வெள்ளைத் திராட்சை வாங்குகிறேன். அதைப் பிழிந்து, நொதிக்க வைத்து, பனிக்காலம் முழுவதும் அதன் வண்டலோடு கிடக்க விட்டு, பின்பனியில் தொட்டி வைனையும் பீப்பாய் வைனையும் அளவு பார்த்துக் கலந்து போத்தலில் அடைப்பேன். தொட்டி வைனில் ட்ராம் பாதையோரம் ஜூனில் பூக்கும் எல்டர் பூவின் வாசம் இருக்கும். பீப்பாய் வைனில் வாட்டிய பாணின், அதாவது ரொட்டியின் வாசம். இரண்டையும் எந்த அளவில் சேர்ப்பது என்பதுதான் அந்த ஆண்டின் வைன். மற்றதெல்லாம் கழுவுவதும் துடைப்பதும்.

அதற்கு முன் நான் கடைக்காரன். மிச்சத்திலேயே மதுவும் பால், பாண், சிகரெட்டும் விற்கும் மூலைக்கடை ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தினேன். அலமாரியில் இருந்த வைன் போத்தல்களில் பாதிக்கு மேல் ஒரே பெரிய நிறுவனத்துடையவை. வாடிக்கையாளர்கள், "இதில் எது நல்லது?" என்று கேட்பார்கள். தெரியாமல் பதில் சொல்வது எனக்குப் பிடிக்காத காரியம். ஆகவே ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்து நாட்குறிப்பில் எழுதினேன். பிறகு மாலை வகுப்புக்குப் போனேன். பிறகு கடையின் பின்னறையில் ஒரு சின்னத் தொட்டி வைத்தேன். கடைசியில் கடையை மனைவியின் தம்பியிடம் கொடுத்துவிட்டு, முழுநேரமும் இதற்கே வந்தேன்.

எங்கள் ஆட்கள் இதைச் சும்மா விடவில்லை. கோயில் மண்டபத்தில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில், சோற்றுத் தட்டோடு வரிசையில் நின்ற என்னைக் காட்டி ஒருவர் உரக்கச் சொன்னார்:

"அண்ணையைத் தெரியுமோ? லண்டனில கசிப்புக் காய்ச்சிற முதல் தமிழன்!"

ஊரில் களவாகக் காய்ச்சும் சாராயத்துக்குத்தான் கசிப்பு என்று பெயர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

மனைவி மருத்துவமனையில் தாதி. ஈரல் பழுதாகி வருகிறவர்களின் வார்டில் வேலை. கடையைக் கொடுப்பது பற்றி நாங்கள் பேசிய அன்று, சமையலறை மேசையில் எனக்கு எதிரே இருந்து அவர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"செய்யுங்கோ. நான் மறிக்கேல்லை. ஆனா தபசு காலம் முழுக்க ஒரு சொட்டும் வாயில வைக்கக் கூடாது."

"வைன் செய்யிற ஆக்கள் குடிக்கிறேல்லையப்பா. வாயில வைச்சிட்டுத் துப்பிறதுதான்."

"துப்பவும் வேண்டாம். நாக்கில படவே கூடாது. என்ர வார்டில படுத்திருக்கிற ஆம்பிளையள் எல்லாரும் ஒரு காலத்தில 'நான் சும்மா ருசி பார்க்கிறனான்' எண்டு சொன்னவைதான்."

"மணக்கலாமோ?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"மணக்கலாம். மூக்கால ஆருக்கும் ஈரல் பழுதானதை நான் இன்னும் காணேல்லை."

அப்படித்தான் அந்த நாற்பது நாள் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகள், நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது என் குளிர்க்கோட்டை வாங்கி மாட்டும் சாக்கில் அவர் என் பக்கம் குனிந்து மூச்சை மணந்து பார்ப்பார். தபசு காலத்தில் மட்டுமல்ல, எல்லா நாளும். நானும் தெரியாதது போல் நிற்பேன். மூன்றாம் ஆண்டு உயிர்ப்புக்குப் பிறகு அது நின்றுவிட்டது. எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியாது. நாட்குறிப்பில் குறிக்கத் தவறிய விடயங்களில் அது ஒன்று. ஆனால் இப்போது நான் வந்தால் கோட்டை நானே மாட்டுகிறேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, "சோறு அடுப்பில கிடக்கு" என்கிறார். எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

வேலையைப் பொறுத்தவரை அது தொல்லையாக இருக்கவில்லை. தபசு காலம் தொடங்குமுன் கலந்து முடித்துவிடுவேன், அல்லது உயிர்ப்பு கழியும் வரை பொறுப்பேன். என் தொட்டி, என் நாள். கேட்க ஒருவரும் இல்லை.

பிறகு பெரிய நிறுவனம் வந்தது. ஒருகாலத்தில் நான் அலமாரியில் அடுக்கி விற்ற போத்தல்களின் அதே நிறுவனம். ஒரு வைன் சந்தையில் என் வெள்ளை வைனைச் சுவைத்தவர்கள், சில வாரங்கள் கழித்து அழைத்தார்கள். வைனை நான் செய்வது, அவர்கள் தங்கள் ஆலையில் போத்தலில் அடைத்து நாடு முழுவதும் விற்பது. போத்தலின் முன்பக்கத்தில் என் சின்னம் மட்டும் இருக்கும். அவர்கள் பெயர் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில். எனக்கு ஐம்பத்தைந்து வயதாகிறது. பெட்டிகளை என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு உணவகம் உணவகமாகப் போய் இறக்கி என் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

ஒப்பந்தத்தில் ஓர் இடத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். கலவையை நிறுவனம் தீர்மானிக்கும் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். இரு தரப்பும் ஒன்றாக இருந்து சுவைத்துத் தீர்மானிக்க வேண்டும், ஒரு தரப்பு வராவிட்டால் மற்றத் தரப்பின் முடிவே முடிவு என்று மாற்றினோம். நான் கேட்டது அது ஒன்றுதான். கலவை என் கையை விட்டுப் போனால், நான் அவர்களுக்குத் திராட்சை பிழிந்து கொடுக்கும் ஆள். அவ்வளவுதான்.

கையெழுத்திட்ட மறுவாரம் அவர்களுடைய திட்டமிடல் பிரிவில் இருந்து ஒருவர், கலவைக்கு எந்த வாரம் வசதி என்று கேட்டு எழுதினார். நான் முந்தைய ஆண்டின் நாட்குறிப்பைத் திறந்தேன். பெப்ரவரி கடைசி வாரம் கலந்திருக்கிறேன். தொட்டியின் வெப்பநிலை வரை எழுதியிருக்கிறது. அதே வாரத்தை எழுதி அனுப்பினேன். ஒழுங்காக இருக்கும் மனிதன் இப்படித்தான் பிடிபடுகிறான்.

புதுவருடத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு, மனைவி கோயிலில் கொடுத்த கலண்டரைக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டி, தன் ஷிப்ட்களைச் சிவப்புப் பேனையால் குறித்துக்கொண்டிருந்தார்.

"உங்கட கலப்பு எப்பவப்பா? அண்டைக்கு நான் இரவு வேலை எடுக்காமல் விடுறன்."

சொன்னேன்.

பேனை நின்றது. "இஞ்சருங்கோ, அது தபசுக்குள்ள எல்லே வருது?"

"இல்லையே. போன வருசமும் அதே கிழமைதான் செய்தனான்."

"போன வருசம் விபூதிப் புதன் மார்ச்சில வந்தது. இந்த வருசம் பெப்ரவரி நடுவில. உயிர்ப்பு ஒரே இடத்தில நிக்கிறதோ? நீங்கள் பிறந்ததில இருந்து கோயிலுக்குப் போறியள்!"

எழுந்துபோய்க் கலண்டரைக் கிட்ட நின்று பார்த்தேன். தாளைத் தூக்கி அடுத்த மாதத்தையும் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இங்கே பிறந்து வளர்ந்த வெள்ளைக்கார வைன்காரர் ஒருவர் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார். அவருக்கு இது பிழையே அல்ல.

மறுநாளே நிறுவனத்துக்கு எழுதி நாளை மாற்ற முடியுமா என்று கேட்டேன். திட்டமிடுபவர் மரியாதையாகப் பதில் எழுதினார். போத்தல் அடைக்கும் இயந்திரத்தை வாரம் வாரமாகப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. இந்த வாரத்தை விட்டால் அடுத்த இடம் ஜூனில்தான். ஜூன் வரை பொறுத்தால் கோடைக்கான விற்பனை போய்விடும். நீங்கள் வர முடியாவிட்டால் பாதகமில்லை, எங்கள் ஆளே கலந்துவிடுவார் என்று கடைசி வரியில் இருந்தது. நான் பயந்தது அந்த வரிக்குத்தான்.

மச்சானுக்கு, அதாவது இப்போது கடையை நடத்தும் மனைவியின் தம்பிக்கு, இது பெரிய பகிடியாகிவிட்டது.

"என்ன அத்தான், வைன்காரருக்கு வைன் ஆகாதாம்! இறைச்சிக்கடைக்காரர் சைவமாப் போன மாதிரியெல்லோ கிடக்கு."

"உமக்குக் கதை. எனக்குத் தலையிடி."

"போய் மணந்துபோட்டு 'வெரி நைஸ்' எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது பாதரிடம் கேட்டேன். என்னைவிட இளையவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்ணை, வேலைக்காக வாயில வைச்சுத் துப்பினால் ஒரு நோன்பும் முறியாது. நான் தபசிலயும் ஒவ்வொரு நாளும் பூசையில குடிக்கிறன். எனக்கு என்ன சொல்லப் போறியள்?"

"அது பூசை, பாதர்."

"ஓம். உங்களுக்கு இது வேலை. பயப்படாமல் போங்கோ."

அன்று பின்னேரம் அதை மனைவியிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பாதரே சொல்லிப்போட்டார் எண்டால் செய்யுங்கோவன். வேலைக்குத்தானே. நான் பிடிச்சு வைக்கேல்லை."

"உமக்கு ஒண்டும் இல்லையோ?"

"எனக்கென்ன? நீங்கள் குடிகாரர் இல்லை எண்டு எனக்குத் தெரியாதோ?"

எல்லோரும் விட்டுவிட்டார்கள். திருச்சபை விட்டுவிட்டது, மனைவி விட்டுவிட்டார். ஆனாலும் அன்று முழுவதும் எனக்கு அது சரிவரவில்லை. நான் குடிகாரன் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருப்பதே அந்த நாற்பது நாளால்தான். ஒரு முறை நல்ல காரணத்துக்காக விட்டால், அடுத்த முறையும் நல்ல காரணம் ஒன்று வரும். வார்டில் படுத்திருப்பவர்களிடமும் நல்ல காரணங்கள் இருந்திருக்கும். அவர் மறுபடி என் கோட்டை வாங்க வாசலுக்கு வரும் ஒரு நாளை நினைத்துப் பார்த்தேன். அதைவிடக் கலவை போகட்டும் என்று ஒரு நேரம் தோன்றியது. கலவை போனால் இவ்வளவு ஆண்டும் செய்தது என்ன என்று இன்னொரு நேரம் தோன்றியது. இரண்டையும் விடாமல் இருக்க ஒரே வழிதான் தெரிந்தது. போவது, மூக்கோடு மட்டும் போவது.

கலவை நாளன்று காலை மிச்சம் ஜங்ஷனில் ரயில் ஏறினேன். தொட்டி வைனும் பீப்பாய் வைனும் சின்னப் போத்தல்களில், கடைக்காலத்து நீலப் பைகளில் சுற்றி மடியில் இருந்தன. இங்கிலாந்துக்காரர்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தபடி போனேன். 'சமயக் காரணங்களுக்காக' என்று தொடங்கும் வசனம் ஒவ்வொரு நிலையத்திலும் இன்னும் மோசமாகிக்கொண்டு வந்தது.

அவர்களுடைய சுவை பார்க்கும் அறை தேம்ஸ் கரையில், மேல்மாடியில். வெள்ளை மேசை, வெள்ளைச் சுவர், துப்புவதற்கு வரிசையாகச் சின்னத் தொட்டிகள். அறையில் ஒரு பெண் மட்டும் இருந்தார். நாற்பது வயது இருக்கும், ஆய்வுகூட வெள்ளைக் கோட்டு. கலவைக்குப் பொறுப்பானவர் தான்தான் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கை கொடுத்தார். நான் என் வசனத்தைத் தொடங்குமுன், அளவுக் குழாயை நீட்டி முதல் மாதிரியை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். அளக்கும்போது வாய்க்குள் எண்ணுவது என் பழக்கம்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு..."

அவர் நிமிர்ந்தார். "தமிழா நீங்க?"

"ஓம்."

"ஓம்னா சிலோன். நான் கோயம்புத்தூர்ங்க." முகம் முழுக்கச் சிரிப்பு. "பதினஞ்சு வருஷமா இந்த ரூம்ல நிக்கறேன். இங்க தமிழ்ல எண்ணின முதல் ஆள் நீங்கதான்."

"ஊரில வைன் கொம்பனியில வேலை எண்டு தெரியுமோ?"

"அம்மாகிட்ட ஜூஸ் கம்பெனின்னு சொல்லியிருக்கேன். பொய் இல்லைங்களே, ஜூஸ்தான, கொஞ்சம் வயசாயிடுச்சு."

அதற்குப் பிறகு ஆங்கில வசனம் தேவைப்படவில்லை. என் நிலைமையைத் தமிழில் சொன்னேன், நீளமாக, மனைவியின் வார்டு வரை. அவர் இடையில் மறிக்காமல் கேட்டார்.

"மாலை போட்டிருக்கீங்க. அவ்வளவுதான?" என்றார். "எங்கப்பா வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாலை போடுவாருங்க. அந்த நாள்ல எங்க வீட்டுக்குள்ள முட்டைகூட வராது. நெத்தியில விபூதியோட ஆபீஸ் போவாரு. இதுக்குப் போய் இவ்வளவு பயந்து சொல்றீங்களே, அண்ணா."

"பயம் அதில்லை, தங்கச்சி. ரெண்டு பேரும் சுவைச்சுத் தீர்மானிக்க வேணும் எண்டு நானே கேட்டு எழுதுவிச்சது. இப்ப நான் சுவைக்காமல் என்னெண்டு ஓம் சொல்லுறது?"

"நாக்கு என்னுது, மூக்கு உங்களுது. ரெண்டு பேரும் வந்தாச்சு. ஓம் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்." பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "ஆனா ஒண்ணு. நான் பொய் சொன்னா உங்களால கண்டுபிடிக்க முடியாது. அதையும் யோசிச்சுக்கங்க."

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வேலை தொடங்கியது. என் வழக்கம் பீப்பாய் வைன் நாலில் ஒரு பங்கு. அதையே முதலில் கலந்தேன். மணந்தேன். பூவும் பாணும் ஒன்றாக, நான் எப்போதும் விரும்பும் அதே வாசம். பிறகு அவர் தன் கணக்கில், எட்டில் ஒரு பங்கு பீப்பாய் சேர்த்து ஒன்று கலந்தார். மணந்தேன். நல்லதுதான், ஆனால் மெலிந்திருந்தது. அவர் இரண்டையும் வாயில் வைத்து, உருட்டி, துப்பினார்.

"என்னுதுதான் நல்லாயிருக்கு."

"மணம் என்ரதில எல்லோ கூட இருக்கு?"

"மணம் உங்களுதுதான். வாயில அப்படி இல்லீங்க."

எனக்குச் சந்தேகம் வந்தது. பெரிய நிறுவனங்களுக்குப் பீப்பாய் வைன் பிடிக்காது, செலவும் இடமும். அவர் தன் முதலாளிகளுக்காகப் பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் குறிப்பேட்டில் எழுதக் குனிந்த நேரம், என் கலவையையே இரண்டு குவளைகளில் ஊற்றி, வேறு வேறு போல முன்னால் வைத்தேன்.

"இதில எது நல்லது?"

முதலாவதைச் சுவைத்தார். இரண்டாவதைச் சுவைத்தார். குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு. என்னை டெஸ்ட் பண்றீங்களா?"

காது சுட்டது.

"பண்ணுங்க, பண்ணுங்க. நானா இருந்தாலும் பண்ணுவேன். இப்ப என் முறை. திரும்பி நில்லுங்க."

ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் ஊற்றும் சத்தம் கேட்டது. மூன்று குவளைகளைக் கொடுத்து, பீப்பாய் அதிகம் எதில், குறைவு எதில் என்று வரிசைப்படுத்தச் சொன்னார். ஒவ்வொன்றையும் இரண்டு முறை மணந்து, உறுதியாக வரிசைப்படுத்தினேன். பெருமையாகவும் திரும்பினேன்.

"முதல் ரெண்டும் இடம் மாறிடுச்சுங்க" என்றார்.

மறுபடி மணந்தேன். அப்போதும் எனக்கு என் வரிசைதான் சரியாகப் பட்டது. அவர் அளவுக் குழாய்களைக் காட்டினார். பிழை என்னுடையதுதான். இவ்வளவு ஆண்டும் மூக்கால் மணந்துவிட்டு நாக்கால் தீர்மானித்ததை, மூக்கே தீர்மானித்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நாக்கை வீட்டில் விட்டுவிட்டு வந்த அன்றுதான் அது தெரிந்தது. வெட்கத்தைவிட எனக்குச் சிரிப்புத்தான் அதிகம் வந்தது. அவரும் சிரித்தார்.

"சரி, நீங்களே சொல்லுங்கோ. வாயில என்ன நடக்குது? ஆங்கிலத்தில எழுதுற மாதிரி வேண்டாம். சும்மா சொல்லுங்கோ."

அவர் எட்டில் ஒன்றை மறுபடி வாயில் வைத்தார். துப்பிவிட்டுக் குவளையைக் கீழே வைத்தார்.

"நெல்லிக்காய் தின்னுட்டுத் தண்ணி குடிச்ச மாதிரி."

"மற்றது?"

நாலில் ஒன்றைச் சுவைத்தார். "இதுவும் நெல்லிக்காய்தான். ஆனா கொட்டையைக் கடிச்சுட்ட மாதிரி. கடைசியில நிக்குது, போக மாட்டேங்குது."

எனக்கு விளங்கிவிட்டது. வைன் படாத நாக்கில் இரண்டும் அப்படியே வந்து போயின. வாய் ஊறியது.

"உங்கட கொம்பனி என்ன சொல்லுது?" என்று கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கோ."

"கம்பெனி பீப்பாயே வேண்டாம்னுச்சு. தொட்டி ஒயின் மட்டும் போதும், சீக்கிரம் வேலை முடியும்னாங்க." குவளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "பீப்பாய் இல்லாம இது வேற யாரோ பண்ணின ஒயின். அதைச் சொல்லி எட்டுல ஒண்ணுக்குச் சம்மதம் வாங்கியிருக்கேன். உங்க மூக்குக்காக வாங்கலைங்க. எனக்கு அதுதான் ருசியா இருக்கு."

நான் கடைசியாக ஒரு முறை இரண்டையும் மணந்தேன். என் மூக்கு இன்னும் நாலில் ஒன்றையே கேட்டது. எட்டில் ஒன்றுக்குக் கையெழுத்திட்டேன்.

இரண்டு கலவையிலும் ஒவ்வொரு சின்னப் போத்தலை நிரப்பி அடைத்துத் தந்தார். நீலப் பைகளில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினேன். வீட்டில் மனைவி கேட்டார்.

"துப்பினியளோ?"

"இல்லை."

"பிறகு ஆர் சுவைச்சது?"

"ஒரு கோயம்புத்தூர்ப் பிள்ளை. தாய்க்கு ஜூஸ் கொம்பனி எண்டு சொல்லியிருக்காம்."

மனைவி நீலப் பைகளை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, "அப்ப உங்கட வைன் எப்படி இருக்கெண்டு உங்களுக்கே தெரியாது" என்றார்.

"தெரியாது."

"நல்ல வியாபாரம்!" என்றார். ஆனால் அன்று எனக்கு மீன் பொரித்துத் தந்தார். அது கேட்காமல் கிடைக்கும் விடயமல்ல.

மார்ச்சில் பாரவண்டி வந்து தொட்டிகளில் இருந்ததை எடுத்துப் போனது. போத்தலில் அடைத்து, முதல் பெட்டிகள் குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்பே கடைகளுக்கு வந்துவிட்டன. மச்சானின் கடைக்கும் வந்தன. முன்பு நான் நிறுவனத்தின் வைன்களை அடுக்கிய அதே அலமாரியில் என் சின்னம். மச்சான் தொலைபேசியில் அழைத்தார்.

"அத்தான், உங்கட வைன் நல்ல ஓட்டம்! பக்கத்துத் தெரு வெள்ளைக்கார அம்மா ரெண்டாம் தரமும் வந்திட்டா. தபால்காரர் குடிச்சிட்டார். கூரை திருத்த வந்த பெடியள் குடிச்சிட்டாங்கள். மிச்சத்தில இனிக் குடிக்காத ஆள் நீங்கள் ஒருத்தர்தான்."

"என்ன சொல்லுகினம்?"

"அது சொல்ல மாட்டன். உங்களுக்குத்தான் நோன்பே!"

கடையைக் கடந்து போகும்போதெல்லாம் கண்ணாடியூடாக எட்டிப் பார்ப்பேன். என் வைன் எப்படி இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்க, எனக்கு மட்டும் தெரியாமல் நடமாடுவது விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் துன்பமாக இருக்கவில்லை. கலவைக்காரப் பெண் பொய் சொல்லவில்லை என்று எனக்கு ஏனோ நிச்சயமாக இருந்தது. நெல்லிக்கொட்டையைக் கடித்த மாதிரி என்று ஒருவர் பொய்யாகச் சொல்ல மாட்டார்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து, வேலையிடத்துக்குப் போய் வெள்ளைத் துணியை எடுத்து நாலாக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். மூன்று குவளைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி ஆட்டிறைச்சிக் கறியை இறக்கிக்கொண்டிருந்தார். மச்சான் ஏற்கெனவே மேசையில் இருந்தார். இரண்டு சின்னப் போத்தல்களையும் திறந்தேன்.

முதலில் என் நாலில் ஒன்று. முதல் வாய் பெரிதாக இருந்தது, பீப்பாய் முன்னால் வந்து நின்றது. 'நான் சொன்னேனே' என்று நினைத்தேன். பிறகு எட்டில் ஒன்று. அது சத்தம் போடவில்லை. திரும்ப என்னுடையதுக்கு வந்தேன். கடைசியில் அது இருந்தது. கொட்டை. அவர் சொன்ன அதே இடத்தில், அதே அளவில். இத்தனை ஆண்டும் அது அங்கே இருந்திருக்க வேண்டும். என் வைனின் குணம் என்றே நான் அதை எடுத்திருக்கிறேன். எட்டில் ஒன்றை மெதுவாக முழுக்கக் குடித்தேன். முடிந்ததும் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். என்னுடையதில் அரைக் குவளை அப்படியே இருந்தது.

"என்னவாம்?" என்றார் மச்சான்.

"அவவின்ர தான்."

"அப்ப தபால்காரர் சொன்னது சரி!"

மனைவி குடிப்பதில்லை. இரண்டு குவளைகளையும் வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக மணந்து பார்த்தார். வாசலில் என் மூச்சை மணந்து பார்த்த அதே கவனத்தோடு.

"மணம் இதுதான் நல்லது" என்று என்னுடையதைக் காட்டினார்.

"அதைத்தான் நானும் சொன்னனான்!"

"ஓம், மூக்குக்காரர்." மிச்சமிருந்த என் கலவையைப் போத்தலோடு எடுத்துக் கறிச்சட்டியில் கவிழ்த்தார். நான் வாய் திறப்பதற்குள் மூடியைப் போட்டுவிட்டார். "மணக்கட்டும்."

சாப்பிட்ட பிறகு கலவைக்காரப் பெண்ணுக்கு, நீங்கள் சொன்னது சரி, கொட்டை இருக்கிறது என்று செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"மாலை கழட்டியாச்சா அண்ணா? அடுத்த வருஷம் எப்ப ஆரம்பிக்குது? பிளானிங்ல கேக்கறாங்க."

இந்த முறை நாட்குறிப்பைத் திறக்கவில்லை. மனைவியிடம் கேட்டேன். அடுத்த ஆண்டு இன்னும் முன்னால் வருகிறது, ஜனவரியிலேயே கலந்து முடியுங்கோ என்றார். அதையே எழுதினேன். கூடவே, அடுத்த முறை நாக்கையும் கொண்டு வாறன் என்றும் எழுதினேன்.

"வாங்க, சண்டை போடலாம்" என்று பதில் வந்தது.

குவளைகளைக் கழுவினேன். இந்த முறை கவிழ்த்து வைக்கவில்லை.